இரண்டு கூடை கரை மணல்

கடலின் வாயை மூட ஆகும் செலவு, குழி ஒன்றுக்கு இரண்டு கூடை கரை மணல். மகும்பினி ஊர்ப் பெண்கள் யாரும் இந்த விலையில் பேரம் பேசியதில்லை. சந்தையில் மீனுக்கும் மரவள்ளிக்கும் பேரம், நிக்காஹில் மஹருக்குப் பேரம், மையத்து வீட்டில் கபன் துணிக்குக்கூடப் பேரம். இதில் மட்டும் பேசாமல் மணலைச் சுமந்தார்கள். பேரம் பேச முடியாத விலை என்று உலகத்தில் ஒன்று இருப்பதையே ஜுவேனா ஒப்புக்கொண்டதில்லை. அன்று காலை அவள் பேசிவிட்டாள்.

வேலை இதுதான். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் வெகுதூரம் வற்றி, பவளத்திட்டு வரைக்கும் தரை தெரியும். அந்த ஈரத் தரையில் குழி தோண்டித் தேங்காய் மட்டைகளை அடுக்கிப் புதைத்து, மேலே கல் ஏற்றிவிட்டால், ஆறேழு மாதத்தில் சதை அழுகி நார் மட்டும் மிஞ்சும். மட்டையை எடுத்ததும் குழியை மூட வேண்டும். பக்கத்தில் கிடக்கும் கடல் மணலை வழித்துப் போட்டு அல்ல. கரையேறிப் போய், அலை எந்த நாளும் தொடாத மேட்டில், தென்னை வேருக்கடியில் கிடக்கும் காய்ந்த மணலை அள்ளித் தலையில் சுமந்து வந்து. ஏன் என்று காரணம் சொல்ல ஊரில் ஆளில்லை. "சாப்பிட்ட தட்டைக் கழுவாம கவுத்து வைப்பியா?" என்று எதிர்க்கேள்விதான் வரும்.

அன்று காலை வற்றத்தில் ஜுவேனா தன் ஏழு குழிகளையும் திறந்தாள். லாரிக்கார ம்பரூக் கரையில் நின்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். பட்டணத்து ஓட்டலுக்கு மதியத்துக்குள் நார் போய்ச் சேர வேண்டுமாம். முந்துகிறவளுடைய நார் ஏறும், பிந்துகிறவளுடையது கிடக்கும். பக்கத்துக் குழிக்காரி சலாமா தன் குழிகளுக்கு மணல் சுமந்துகொண்டிருந்தாள். ஜுவேனா ஏழு வாய்களையும் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், நடுவில் கிடந்த தூரத்தைப் பார்த்தாள். வீட்டில் தங்கை ஹிதாயா நிறைமாதத்தில் இருந்தாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கார் பேச வேண்டும், அவள் புருஷனோ கிராம்பு பறிக்கப் பெம்பாத் தீவுக்குப் போய்விட்டான். சாயங்காலம் ஏற்றம் வந்தால் கடல் தன் குழியைத் தானே மூடிக்கொள்ளாதா என்ன? நாரைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். லாரி ஏறியது அவளுடைய நார்.

மக்ரிப் பாங்கு முடிந்த நேரத்தில் தேநீர் சாய்ந்தது.

கோப்பை சாயவில்லை. தேநீர்தான். இஞ்சி தட்டிப் போட்ட கறுப்புத் தேநீர், மேசையின் மேல், கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் ஒரு விரல் உயர்ந்தும் சுவர்ப் பக்கம் ஒரு விரல் தாழ்ந்தும் அசையாமல் நின்றது. மேசைக்கால் குட்டை என்று நினைத்து ஜுவேனா அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்தாள். தேநீர் அப்படியே நின்றது. கோப்பையைத் திருப்பி வைத்தாள். எண்ணெய் மாதிரி மெல்ல வழுக்கிக்கொண்டு, தேநீர் மறுபடியும் ஜன்னல் பக்கம் போய் ஏறிக்கொண்டது.

"என்னக்கா, கோப்பையோடயும் பேரமா?" கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த ஹிதாயா கேட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர்; வீங்கின காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டும் வாய் மட்டும் ஓயவில்லை. "நீ பேசுற பேச்சுல எம்பிள்ளைகூட பாதி விலைக்குத்தான் பொறக்கும்."

"வாயக் கழுவு. இங்க பாருடி, இது எப்படி நிக்குது?"

ஹிதாயா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நிலா இழுக்குதோ என்னமோ," என்றாள், வகுப்பில் சொல்கிற குரலில். "நிலா எல்லாத்தையும்தான் இழுக்குது. உன்னை, என்னை, இந்த மேசைய. கடல் பெருசு, அதனால அங்க தெரியும். ஒரு கோப்பையில இழுக்குறது கண்ணுக்குத் தெரியாதுக்கா. தெரியக் கூடாது."

"இப்ப தெரியுதே?"

ஹிதாயா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, திட்டுக்கு அப்பால் கடலிலிருந்து நிலா எழும்பிக்கொண்டிருந்தது, மஞ்சளாக, ஊதியதைப் போல, முகமெல்லாம் அம்மைத் தழும்புகளோடு. ஜுவேனாவுக்கு அதைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பு வரும். மட்டையெல்லாம் விற்றுக் காசாக்கிவிட்டுக் குழியை மூடாமல் ஓடிப்போன எவளோ ஒருத்தியின் நிலம் அது என்பாள். ஹிதாயா ஒருமுறை திருத்தியிருக்கிறாள்: அங்கே காற்றும் இல்லை தண்ணீரும் இல்லை, அதனால் கல் விழுந்து விழுந்த பள்ளம் எத்தனை யுகமானாலும் தூராது, விழுந்தது விழுந்தபடியே கிடக்கும் என்று. இன்றைக்கு ஜுவேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையை முகர்ந்தாள். எலுமிச்சையும் சோப்பும் போட்டுத் தேய்த்த கையில், ஊறிய மட்டையின் அழுகல், கூமுட்டை வாடை, காலையில் இருந்ததைவிடப் பச்சையாக இருந்தது.

கதவு தட்டாமல் சலாமா உள்ளே வந்தாள். கையில் காலி வாளி.

"காலைல லாரியப் பிடிச்ச மகராசி, கொஞ்சம் எழுந்து வந்து உன் கெணத்தப் பாரு."

"நார் போகலைன்னு இன்னும் கோவமா உனக்கு?"

"நார் கெடக்கட்டும், நாளைக்கு வேற கழுதை வாங்கும். கெணத்தப் பாருன்னா பாரேண்டி."

பின்கட்டில் கிணறு. கடலோரக் கிணறு கடலோடு சேர்ந்து ஏறும், இறங்கும். அது யாருக்கும் புதிதில்லை. ஜுவேனா டார்ச்சை அடித்தாள். தண்ணீர் கிழக்குச் சுவரில் பாதி வரைக்கும் ஏறி நின்றது. மேற்குப் பக்கம் அடி தெரிந்தது. ஈரச் சேறு, உடைந்த கயிற்றுத் துண்டு, எப்போதோ விழுந்த அகப்பை. நடுவில் தண்ணீர் ஒரு கூரை மாதிரி சரிந்து, ஒரு அலைகூட இல்லாமல், கடல் இருக்கும் திசைக்கு எட்டிப் பார்ப்பதுபோல் நின்றது. வாளியை இறக்கினால் வாளி நேராக இறங்கவில்லை. கயிறு கோணிக்கொண்டு கிழக்கே போனது.

"குழிய மூடுனியாடி?" சலாமாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"மூடாம?"

"நான் அங்கதான இருந்தேன் ஜுவேனா. என் கண்ணு என்ன கருவாடா?"

ஜுவேனா கயிற்றைச் சுற்றி வைத்தாள். பொய் சொல்லிப் பிடிபட்டால் உடனே விலையைக் குறைத்துக் கேட்பதுதான் அவள் வழக்கம். "காலைல மூடிக்கிறேன்," என்றாள். "ஓடியா போகப்போகுது?"

அப்போதுதான் உள்ளேயிருந்து ஹிதாயா கூப்பிட்டாள். கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல், "அக்கா" என்றாள்.

கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். உடுத்தியிருந்த கங்காத் துணியை மார்புக்கு ஏற்றிவிட்டிருந்தாள். வயிறு நடுவில் இல்லை. ஜன்னல் பக்கமாக ஒதுங்கி, இடுப்பெலும்பைத் தாண்டி, கட்டில் சட்டத்தின் மேல் சாய்ந்து நின்றது, மேசை மேல் அந்தத் தேநீர் நின்ற அதே சாய்வில். தோல் ஒரு பக்கம் முரசு போல் இழுபட்டு மினுங்கியது. மறுபக்கம் தொளதொளவென்று சுருங்கிக் கிடந்தது. ஜுவேனா இரண்டு கையையும் வைத்து மெல்ல நடுவுக்குத் தள்ளினாள். வந்தது. கையை எடுத்தாள். வழுக்கிக்கொண்டு திரும்பிப் போனது.

"வலிக்குதா?"

"இல்ல. அதாங்க்கா பயமா இருக்கு."

ஜுவேனா பக்கத்து ஊர் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். "வயிறு ஒரு பக்கமா சாயுதா? எல்லாப் பிள்ளையும் ஒரு பக்கம் ஒதுங்கித்தாம்மா படுக்கும்," என்றாள் நர்ஸம்மா, வாயில் எதையோ மென்றுகொண்டே. தேநீரும் சாய்கிறது, கிணறும் சாய்கிறது என்று ஜுவேனா சொன்னதும் மெல்லுகிற சத்தம் நின்றது. "இஞ்சிக்குப் பதிலா வேற ஏதாச்சும் தட்டிப் போட்டுட்டியா? காலைல கூட்டிட்டு வா." கார்க்காரன் போனை எடுக்கவேயில்லை.

சலாமா சுவரோரம் கிடந்த ஓலைக்கூடையை எடுத்து நீட்டினாள். "போ. நான் இவளப் பிடிச்சிட்டிருக்கேன். மேட்டு மணல் எடுத்துட்டுப் போ, மறந்துடாத. குழிக்கு ரெண்டு."

"ஏழு குழிடி! விடிஞ்சிரும்."

"அப்ப பேசிட்டு நிக்காத."

தென்னை வேருக்கடியில் மணல் இன்னும் பகல் சூட்டோடு இருந்தது. கூடை நிறைய அள்ளி, தலையில் ஏற்றிக்கொண்டு, ஜுவேனா ராத்திரி வற்றத்தில் மறுபடியும் வெளிப்பட்டிருந்த கடல்தரைக்கு இறங்கினாள். வழக்கமாகக் கடல் வற்றினாலும் அதன் இரைச்சல் வற்றாது. திட்டில் அலை உடையும் சத்தம் இரவெல்லாம் தூரத்து லாரி மாதிரி உறுமிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அது இல்லை. கடற்புல் காலில் வழுக்கியது, கடலட்டைகள் கறுப்பு விரல்கள் மாதிரிக் கிடந்தன, பாசி வளர்க்கக் கட்டிய குச்சிகளில் கயிறுகள் தொங்காமல் எல்லாம் ஒரே பக்கம், கடல் பக்கம், காற்றே இல்லாத காற்றில் விறைத்து நீண்டிருந்தன. நிலா ஏறிவிட்டது. மஞ்சள் போய் வெள்ளையாகிவிட்டது. நிழல் காலடியில் குறுகியது. தலைச்சுமை கனக்கவில்லை என்பதை அவள் வெகுதூரம் நடந்த பிறகுதான் உணர்ந்தாள். கூடை தலையில் அழுந்தாமல், மேலே யாரோ பிடித்துக்கொண்டு கூடவே வருவதுபோல் இருந்தது.

குழிகளுக்குப் பக்கத்தில் வந்தபோது சத்தம் கேட்டது.

உறிஞ்சும் சத்தம். சூடான தேநீரை விளிம்பில் ஊதி ஊதி ஒருவர் உறிஞ்சுவதுபோல். ஒரு மிடறு. நிறுத்தம். இன்னொரு மிடறு. ஏழு வாயிலிருந்தும், ஒன்று மாற்றி ஒன்று.

ஏற்றம் வந்து போயிருந்தும் குழிகள் தூரவில்லை. விளிம்பு கலையவில்லை. தட்டை வைத்து வெட்டியதுபோல் வட்டமாக, வெட்டிய அன்றைவிட ஆழமாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீரும் தண்ணீரில் ஒரு நிலாவுமாக இருந்தன. ஜுவேனா முதல் குழியில் கூடையைக் கவிழ்த்தாள். காய்ந்த மணல் சரசரவென்று இறங்கியது. அடி மறைந்தது. உறிஞ்சும் சத்தம் அந்தக் குழியில் தடுமாறி, கம்மி, தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல் ஆனது. ஆனால் குழி பாதிகூட நிறையவில்லை.

கரையிலிருந்து ஒரு அலறல் வந்தது.

ஹிதாயா இல்லை. சலாமா.

"ஜுவேனா! இவ நழுவுறாடீ! பிடிக்க முடியல!"

அந்தத் தூரத்திலிருந்து குரல் காதுக்குள் பேசுவதுபோல் தெளிவாக வந்து விழுந்தது. ஜுவேனா காலிக்கூடையைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். காலையில் பார்த்த அதே தூரம். போய், அள்ளி, வந்து, திரும்பப் போய். ஆறு குழியும் ஒரு பாதியும். அதற்குள் என்ன மிஞ்சும்?

மணல் மணல்தானே. கரையில் கிடந்தால் என்ன, காலடியில் கிடந்தால் என்ன. பள்ளம் விழாமல், பரவலாக, மேலாக வழித்தால் போதாதா?

முழங்காலிட்டாள். இரண்டு கையாலும் கடல் மணலை வழித்தாள். அகலமாக, மெலிதாக, ரொட்டிக்கு மாவைத் தேய்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வழித்துக் குழிக்குள் தள்ளினாள். ஈர மணல், சிப்பித் துண்டு, கடற்புல் வேர், எல்லாம் தள்ளினாள். குழி நிறைந்தது. மேலே ஏறி மிதித்தாள்.

சத்தம் நின்றது.

நின்றேவிட்டது. அந்த ஒரு வாயில்.

"சலாமா! பிடிச்சுக்க! வேலை நடக்குது!"

அடுத்தது. வழித்தாள், தள்ளினாள், மிதித்தாள். அடுத்தது. நகக்கண் கிழிந்தது. கையில் அழுகல் வாடை இல்லை, உப்பு மட்டும். அடுத்தது. ஒவ்வொரு வாயும் அடங்க அடங்க ராத்திரி பெரிதானது. மூச்சு கேட்டது. தன் மூச்சுதான். அடுத்தது. தலைத்துணி அவிழ்ந்து போனது, கீழே விழவில்லை. மேலே போனது. நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்தது. முகத்தில் வேர்வை நெற்றியை நோக்கி ஏறியது. துடைத்தாள். கடைசிக் குழி. வழி. தள்ளு. மிதி.

மௌனம்.

ஜுவேனா அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். முடிந்தது. காயாத மணலிலேயே முடிந்தது. ஊரே சுமந்த சுமையைப் பாதி விலைக்கு முடித்துவிட்டாள். நாளைக்குச் சலாமாவிடம் சொல்ல வேண்டும், எத்தனை வருஷம் வீணாகச் சுமந்தோம் என்று.

கரைப் பக்கம் ஒரு உருவம் வந்துகொண்டிருந்தது.

வெள்ளைக் கங்கா. வயிறு முன்னால். கால் பின்னால். நடக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, குதிகால் இரண்டும் மணலில் கோடு கிழிக்க, வயிற்றைப் பிடித்து யாரோ இழுத்து வருவதுபோல் வந்தாள். தூரத்தில் சலாமா, கையில் கிழிந்த துணி முனையோடு, விழுந்து எழுந்து ஓடி வந்தாள்.

"ஹிதாயா!"

ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தாள். இரண்டு கையையும் அந்த வயிற்றுக்குக் கீழே கோத்துப் பிடித்தாள். அது மேலே இழுத்தது. பிடித்தாள். உள்ளே முழங்காலோ முழங்கையோ அவள் கையைத் தட்டியது. வேகமாக. பயந்த மாதிரி.

"மூடிட்டேண்டி. எல்லாத்தையும் மூடிட்டேன். ஒண்ணுமில்ல. என்னைப் பாரு."

ஹிதாயா பார்த்தாள். கண்ணீர் கண்ணிலிருந்து புருவத்துக்கு ஏறி, அங்கிருந்து துளியாகப் பிரிந்து போனது.

"வலிக்கலக்கா," என்றாள். "உள்ள வத்துது."

கைக்குள் இருந்த கனம் குறைந்தது. சட்டென்று இல்லை. கடல் இறங்குவதுபோல். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஜுவேனா இறுக்கினாள். இறுக்க இறுக்க அவள் கைகள் ஒன்றையொன்று நெருங்கின. உதைப்பு நின்றது. கங்காத் துணி தொளதொளத்தது. ரத்தம் இல்லை. ஈரம்கூட இல்லை. ஹிதாயா அவள் தோளில் சரிந்தாள், கல்யாணத்துக்கு முந்தி இருந்ததுபோல் மெலிந்து, கயிறு மாதிரி லேசாக.

பின்னால், ஒரு மிடறு.

ஜுவேனா திரும்பினாள்.

அவள் வழித்த இடங்கள். மெலிதாகத்தான் வழித்தாள். பரவலாகத்தான் வழித்தாள். ஒவ்வொன்றும் இப்போது வட்டமாக இருந்தது. உயர்ந்த விளிம்போடு. ஆழமாக. பக்கத்தில் மூடிய குழிகள் தட்டையாக, சமர்த்தாகக் கிடந்தன.

வாய் தானாக எண்ணியது. மூடியவை ஏழு. திறந்தவை ஏழு. உள்ளே நிலா தெரிந்தவை ஆறு.

ஏழாவதில் தண்ணீர் விளிம்புக்கு மேலே குவிந்து, உருண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் நிலாவைப் பார்த்து எழும்பி நின்றது. அதன் வழவழப்பான தோலை உள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் மெல்ல உதைத்துக்கொண்டிருந்தது.